துரை துப்பாக்கியும் தோட்டத்துத் துப்பாக்கியும்

12 போர் துப்பாக்கின்னு எல்லாரும் சொல்றோம். அந்த 12 எதோட கணக்குன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியறதில்லை. குழலோட நீளம்னு ஒருத்தர் சொல்வார், பன்னெண்டு ரவை போடலாம்னு இன்னொருத்தர் சொல்வார். விஷயம் இதுதான். ஒரு பவுண்டு ஈயம் எடுத்துக்குங்க, 453 கிராம் சொச்சம். அதைச் சமமா 12 பங்கு வச்சு உருண்டை பிடிச்சா, அதுல ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள்ள சரியா இறங்குதோ அது 12 போர். 16 பங்கு வச்சா 16 போர். அதனாலதான் நம்பர் குறையக் குறையத் துப்பாக்கி பெருசாகுது. 12 போர் உருண்டை பெரிய கோலிக்குண்டு அளவு, 38 கிராம் வரும். ஒரு பவுண்டை நாலே பங்கா வச்சா அது 4 போர். அந்த உருண்டை முழு நெல்லிக்காய் அளவு, ஒண்ணே 113 கிராம். அப்படிப்பட்ட குண்டையும் மனுஷன் தோள்ல வச்சுச் சுட்டிருக்கான்.

கோயம்புத்தூர்ல படிக்கிற என் தங்கச்சி மகன் லீவுக்கு வந்தப்ப செல்போன்ல ஒரு படம் காட்டினான். அமெரிக்காவுல ஒரு பெரியவர், ரிட்டயர் ஆனவர் போல, வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல உக்காந்து பெரிய ரைஃபிள் ஒண்ணைத் தானே பூட்டிச் சேர்க்கிறார். தோட்டாவும் தானே தயார் பண்றார். காலித் தோட்டாவைத் தேய்ச்சு, மருந்தை நகைக்கடைத் தராசு மாதிரி ஒண்ணுல நிறுத்துப் போட்டு, குண்டை வச்சு அமுக்குறார். "மாமா, இவருக்கு இது பொழுதுபோக்காம். நம்ம பக்கம் இந்த மாதிரி யாராவது இருந்திருக்காங்களா?"ன்னு கேட்டான். இருந்தாங்கடா, ஆனா ரெண்டு ஜாதி ஆளுங்கன்னு சொன்னேன். ஒருத்தருக்குப் பொழுதுபோக்கு. இன்னொருத்தருக்கு வெள்ளாமைக் காவல். அந்த ரெண்டையும் தான் இங்க எழுதப் போறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல பொழுதுபோக்குக்காரங்க. தமிழ் பேசுற மண்ணுக்குப் பக்கத்துலயே இதுக்குப் பெரிய உதாரணம் ஒருத்தர் இருந்தார், சாமுவேல் பேக்கர். பின்னாடி ஆப்பிரிக்காவுல ஏரியைக் கண்டுபிடிச்சவர்னு பேர் வாங்கின அதே பேக்கர்தான். அவர் 1848லயிருந்து 1855 வரைக்கும் இலங்கையில நுவரெலியாவுல இருந்தார். அங்க விவசாயப் பண்ணை போட்டார், மத்த நேரம் எல்லாம் யானை வேட்டை. அதைப் பத்தி 1854ல ஒரு புத்தகமே போட்டார். இலங்கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, 1840ல, இருபது வயசுகூட நிரம்பாதப்ப, பிரிஸ்டல் ஊர்ல கிப்ஸ்ங்கிற துப்பாக்கிக்காரர்கிட்ட தான் சொன்ன அளவுல ஒரு ரைஃபிள் செஞ்சு வாங்கினார். எடை 21 பவுண்டு, நம்ம கணக்குல ஒன்பதரை கிலோ. குழல் 36 அங்குலம். உருண்டைக் குண்டுன்னா 3 அவுன்ஸ், கூம்புக் குண்டுன்னா 4 அவுன்ஸ். ஒரு தடவை போடுற மருந்து மட்டும் ஒரு அவுன்ஸ், 28 கிராம்.

ஏன் இவ்வளவு பெருசு? அந்தக் காலத்து மருந்து கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி, நம்ம சிவகாசிக்காரங்களுக்குத் தெரிஞ்ச சரக்கு. அதுல குண்டை ஒரு அளவுக்கு மேல வேகமாத் தள்ள முடியாது. எவ்வளவு மருந்து போட்டாலும் புகையும் உதையும்தான் கூடும், வேகம் அந்த அளவுக்குக் கூடாது. வேகத்தைக் கூட்ட முடியலைன்னா கனத்தைக் கூட்டணும். கனமான குண்டுன்னா பெரிய குழல். பெரிய குழல்னா உதையைத் தாங்க எடையும் வேணும். ஈயம் மெத்துன்னு இருக்கும், யானையோட மண்டை எலும்புல பட்டா நசுங்கிப் போகும். அதுக்காக வெள்ளீயம் மாதிரி சிலதைக் கலந்து கெட்டியாக்கினாங்க. எந்தக் கலவை, எவ்வளவு மருந்து, எப்படித் திணிக்கிறதுன்னு ராத்திரி பகலா யோசிச்சு வேலை பார்த்தவங்க அவங்க. பின்னாடி பேக்கர் லண்டன் ஹாலண்ட் கம்பெனியில அரை பவுண்டு வெடிகுண்டு போடுற துப்பாக்கி ஒண்ணு வாங்கி அதுக்குக் குழந்தைன்னு பேர் வச்சார். ஆப்பிரிக்காவுல அதைச் சுடுறதுக்கு அவருக்கே பயமா இருந்திருக்கு. உதைச்சா ஆளைச் சுத்தி விட்டுடுமாம்.

ஒரு விஷயத்தை யாரும் பெருசா எழுதறதில்லை. அந்தத் துப்பாக்கி எல்லாம் வாய் வழியா மருந்து போட்டுக் கெட்டிக்கிறது. ஒரு தடவை சுட்டுட்டா மறுபடி தயார் பண்ண நேரமாகும். யானை அதுவரைக்கும் நிக்குமா? அதனால துரைக்குப் பின்னாடி நாலஞ்சு பேர் துப்பாக்கியோட நடக்கணும். சுட்டதை வாங்கிக்கிட்டு அடுத்ததைக் கையில குடுக்கணும். ஒன்பதரை கிலோ இரும்பைக் காட்டுல மேடு பள்ளம் தூக்கி நடந்தது பேக்கர் இல்லை. நானும் மிளகு மூட்டை தூக்குறவன், எனக்கு அந்த ஆளுங்களோட தோள்பட்டைதான் முதல்ல ஞாபகம் வருது.

எங்க மலைக்கும் அந்த மாதிரி ஆளுங்க வந்தாங்க. 1821ல லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்துட்டுப் போனார். 1845ல அமெரிக்க மிஷன்காரங்க கொடைக்கானல்ல பங்களா கட்டினாங்க. 1863ல லெவிஞ்ச் துரை ஏரி வெட்டினார். அதே சமயத்துலதான் டக்ளஸ் ஹாமில்டன்ங்கிற பட்டாளத்து அதிகாரி இந்த மலையெல்லாம் சுத்தி படம் வரைஞ்சு அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். பேரிஜம் பக்கம் ஒரு இடம் ஹாமில்டன் கோட்டைன்னு இன்னிக்கும் அவர் பேரைத்தான் சொல்லுது. ஆனைமலை, நீலகிரி, பழனி மலை மூணுலயும் அவர் ஆடின வேட்டைக் கணக்கு 1892ல புத்தகமா வந்தது. காட்டுமாடு, வரையாடு, கடமான், புலின்னு பக்கம் பக்கமா இருக்கும். மலையைப் பத்தி அவர் எழுதினது, வரைஞ்சது எல்லாம் நல்ல வேலைதான், அதை மறுக்க முடியாது. ஆனா அதே மலையில தினையும் கேழ்வரகும் விதைச்சவன் ராத்திரி என்ன வச்சுக் காவல் காத்தான்னு தேடினா அந்தப் பக்கங்கள்ல பெருசா ஒண்ணும் கிடைக்காது.

சங்க காலத்துல கவண் இருந்தது, பரண் இருந்தது. குறிஞ்சித் திணையே தினைப்புனம் காக்குற பொண்ணை வச்சுத்தானே ஓடுது! கிளி விரட்டுன காலம் அது. துப்பாக்கி வந்தப்புறம் என்ன ஆச்சுங்கிறதுக்கு எங்க மலையை விட்டுக் கீழே இறங்கணும்.

பாச்சலூர்ல இருந்து பரப்பலாறு அணை, வடகாடு வழியா ஒட்டன்சத்திரம் இறங்கினா பக்கத்துலயே விருப்பாச்சி. பாளையக்காரர் கோபால நாயக்கர் இருந்த ஊரு. வேலு நாச்சியார் அடைக்கலமா வந்து தங்கின ஊரும் அதுதான். 1801ல கும்பினிக்காரனுக்கு எதிரா திண்டுக்கல் பக்கத்துப் பாளையங்களைச் சேர்த்துச் சண்டை போட்டு, கோபால நாயக்கர் பிடிபட்டு, தூக்குல போடப்பட்டார். இது பள்ளிக்கூடப் புத்தகத்துலயும் வந்துடுச்சு. அதுக்கு அடுத்து நடந்ததைத்தான் யாரும் சொல்றதில்லை. 1801 டிசம்பர் 1ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். தெற்குச் சீமையில கோட்டை எல்லாத்தையும் இடிக்கணும், ஆயுதம் எல்லாத்தையும் ஒப்படைக்கணும். திரி வச்சுச் சுடுற துப்பாக்கி, வேல்கம்பு, சுவர் மேல முட்டுக் குடுத்துச் சுடுற ஜிஞ்சால்ங்கிற பெரிய துப்பாக்கி, எதுவும் கையில இருக்கக் கூடாது. பாளையத்துச் சேவகர்னு இருந்தவங்க பாதிப் பேர் ஊர்க்காவல் பார்த்துக்கிட்டு, மீதி நேரம் உழுதுக்கிட்டு இருந்தவங்கதான். சண்டைத் துப்பாக்கியும் பன்னி விரட்டுற துப்பாக்கியும் அவங்களுக்கு வேற வேற இல்லை. இரும்புப் பட்டையைச் சூடாக்கி, கம்பியில சுத்தி, அடிச்சுப் பொருத்திக் குழல் செய்யத் தெரிஞ்ச கொல்லர்கள் இங்க இருந்தாங்க. அந்தத் தொழில் அதோட பகல் வெளிச்சத்தை விட்டு ஒளிஞ்சுக்கிட்டது.

அடுத்த அடி 1878ல விழுந்தது. லிட்டன் பிரபு போட்ட ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வாங்கணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். அதுக்கு அடுத்த வருஷம், 1879ல, நீலகிரியில வேட்டை மிருகத்தையும் மீனையும் காப்பாத்த ஒரு சட்டம். எதுக்காகக் காப்பாத்தினாங்க? துரைமார் வேட்டைக்கு மிச்சம் இருக்கணும்னுதான். அதுக்கு மூணு வருஷம் கழிச்சு 1882ல மெட்ராஸ் வனச் சட்டம். நாலு வருஷத்துக்குள்ள துப்பாக்கி போச்சு, மிருகம் போச்சு, காடு போச்சு. இந்த மூணு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சுப் பார்த்தாத்தான் எனக்கு எங்க ஊர் கதையே புரிஞ்சது. ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியா படிச்சா நியாயமாக்கூடத் தெரியும்.

குடகு மட்டும் தப்பிச்சது. குடகுக்காரங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு அப்பவே விலக்கு குடுத்தாங்க, வெள்ளைக்காரனுக்கு விசுவாசமா இருந்ததுக்கான பரிசு. அந்த விலக்கு இன்னும் ஓடுது, 2019ல மறுபடி பத்து வருஷத்துக்கு நீட்டினாங்க. அவங்களும் காபி, மிளகு போடுறவங்கதான், நம்மள மாதிரியே. வருஷா வருஷம் கைல்போத் திருவிழாவுல துப்பாக்கிக்குப் பூ வச்சுக் கும்பிடுறாங்க. நாம ஆயுத பூஜைக்கு மம்பட்டிக்கும் கவாத்துக் கத்திரிக்கும் சந்தனம் வைக்கிறோம்.

காங்கிரஸ்காரங்க இந்தச் சட்டத்தை எதிர்த்திருக்காங்கன்னு இப்ப சொன்னா நம்ப மாட்டாங்க. 1887ல சென்னையில கூடின மாநாட்டுலயே ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டாங்க. அட, காந்தியே 1930ல உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்னாடி வைஸ்ராய்கிட்ட வச்ச பதினோரு கோரிக்கையில தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் குடுக்கணும்னு ஒண்ணு இருக்கு. அகிம்சைக்காரர் அதை ஏன் கேட்டார்னு யோசிச்சா, அவருக்கு விவசாயியைத் தெரியும்னுதான் எனக்குத் தோணுது.

இந்தப் பக்கம் இப்படி இருக்க, துரைமார் துப்பாக்கி வேற எங்கயோ போயிடுச்சு. 1889ல கார்டைட்னு புது மருந்து வந்தது. கயிறு மாதிரி நீளமா இருக்கும், அதனாலதான் அந்தப் பேரு. புகை கிடையாதுன்னே சொல்லலாம், வேகமும் அதிகம். 1898ல ரிக்பி கம்பெனி அந்த மருந்துக்குன்னு 450 ரைஃபிள் கொண்டு வந்தது. குழல் வாய் 0.45 அங்குலம், குண்டு 31 கிராம்தான். ஆனா விநாடிக்கு 650 மீட்டர் வேகம். பேக்கரோட நெல்லிக்காய்க் குண்டு செஞ்ச வேலையை இந்தச் சுண்டுவிரல் குண்டு செஞ்சுடும். ஒன்பதரை கிலோ துப்பாக்கி அஞ்சு கிலோவா இறங்கிடுச்சு. இந்த மருந்தை இந்தியாவுலயே செய்யணும்னு 1903ல ஃபேக்டரி ஆரம்பிச்சாங்க. எங்க? நம்ம நீலகிரியில, குன்னூர் பக்கம் அருவங்காட்டுல. இன்னிக்கும் ஊட்டி ரயில்ல போனா அந்த ஊர் ஸ்டேஷன் வரும்.

கார்டைட்டுக்கு ஒரு குணம். வெயில் ஏறினா அதோட வேகமும் ஏறும். இங்கிலாந்துக் குளிருக்குச் சரியா இருக்குற அளவு, சித்திரை வெயில்ல தோட்டா பையில கிடந்தா கூடிப் போகும். சுட்ட தோட்டா குழல்ல மாட்டிக்கிட்டு வெளிய வராது. எதிர்ல அடிபட்ட காட்டுமாடு நிக்கும். அதனால இந்தியாவுக்குன்னு மருந்தைக் கொஞ்சம் குறைச்சுத் தனித் தோட்டா போட்டாங்க. வெளியூர்ல தயாராகுற விதையும் உரமும் நம்ம மண்ணுக்கு அப்படியே பொருந்தாதுங்கிற மாதிரிதான் இதுவும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச கதைக்கு வர்றேன். 1907 வாக்குல இந்திய அரசாங்கம் 450 அளவு ரைஃபிளும் தோட்டாவும் இறக்குமதி பண்ணக் கூடாதுன்னுடுச்சு. பழைய பட்டாளத்து மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் அதே அளவு. வடமேற்கு எல்லையில அந்தத் துப்பாக்கிகள் நிறைய வெளிக் கைக்குப் போயிருந்தது. வேட்டைத் தோட்டாவைப் பிரிச்சு அந்தக் குண்டை அதுல போட்டுச் சுடுவாங்களோன்னு பயம். சரி, பெரிய ரைஃபிள் வேட்டையே இதோட நின்னிருக்கும்னு நினைப்பீங்க. லண்டன் கம்பெனிக்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? 465, 470, 475, 476ன்னு வரிசையாப் புது அளவு போட்டாங்க. 450க்கும் 470க்கும் குண்டோட குறுக்களவுல அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கிடையாது. சட்டம் 450ஐத்தானே தடுத்தது? இன்னிக்கு உலகத்துல யானைத் துப்பாக்கின்னாலே 470ன்னு ஒரு பேர் இருக்குன்னா, அதுக்குக் காரணம் நம்ம ஊருக்குப் போட்ட அந்தத் தடைதான். பணமும் செல்வாக்கும் இருக்குறவன் சட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி நிப்பான். நமக்கு அந்த அரை மில்லிமீட்டர் எங்க இருக்குன்னே தெரியாது.

பட்டாளத்து அளவு வேற, பொதுஜனத்துக்கு அளவு வேறங்கிற அந்தப் பழக்கம் இன்னும் மாறலை. 303 இங்க தனியாருக்குக் கிடைக்காது. வங்காளத்துல இச்சாப்பூர் அரசாங்க ஃபேக்டரியில பொதுஜனத்துக்குச் செய்யற ரைஃபிள் 315.

அமெரிக்கப் பெரியவர் கதைக்கும் ஒரு வேர் இருக்கு. கலிபோர்னியாவுல ஓரோவில்ங்கிற ஊர்ல ஃப்ரெட் ஹண்டிங்டன்னு ஒருத்தர், 1943ல, உலகப் போர் நேரத்துல தோட்டாவும் குண்டும் கிடைக்காம, தானே குண்டு அச்சடிக்க ஒரு கருவி செஞ்சார். எதுக்குன்னா ராக் சக்ங்கிற பிராணியைச் சுட. நம்ம அணில் ஜாதிதான், ஆனா பெருசு, வளை தோண்டி வயல்ல தீவனப் பயிரைத் தின்னும். அவர் ஆரம்பிச்ச கம்பெனி பேரே அந்தப் பிராணியை வச்சுத்தான், ஆர்.சி.பி.எஸ். இன்னிக்கு உலகம் பூராவும் வீட்டுல தோட்டா தயார் பண்றவங்க அந்த மெஷினை வச்சிருக்காங்க. பயிரைத் தின்னதைச் சுடக் கிளம்பினது அங்க பொழுதுபோக்காகி வியாபாரமாகிடுச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1959ல நம்ம அரசாங்கம் புது ஆயுதச் சட்டம் போட்டது, 1962 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்தது. அதுல 13வது பிரிவு விவசாயிக்கு ஒரு வழி வச்சிருக்கு. உண்மையிலேயே பயிர்க் காவலுக்குன்னா வாய் வழியா மருந்து போடுற துப்பாக்கிக்கு லைசென்ஸ் குடுக்கணும்னு தெளிவா இருக்கு. அது பத்தாதுன்னு அதிகாரிக்குத் தோணினா மட்டும் வேற துப்பாக்கி, அதுவும் உள்ள வரி வெட்டாத மொழுக்கைக் குழல்தான். கவனிச்சுக்குங்க, உலகம் வாய்வழித் துப்பாக்கியை விட்டு நூறு வருஷம் ஆனப்புறம் எழுதின சட்டம் இது. பேக்கர் காலத்துத் தொழில்நுட்பத்தை நமக்கு ஒதுக்கி வச்சாங்க. அப்பவும் ஒரு நன்மை, லைசென்ஸ் கேக்க நமக்கு உரிமை இருந்தது.

எங்கப்பாவுக்கு அந்த லைசென்ஸ் இருந்தது. அப்ப இங்க கமலா ஆரஞ்சும் மலை வாழையும் நல்லா இருந்த காலம். துப்பாக்கி ஒத்தைக் குழல், மதுரையில வாங்கினது. லைசென்ஸ் புத்தகத்துல வருஷத்துக்கு இவ்வளவு மருந்து, இவ்வளவு கேப்புன்னு எழுதியிருக்கும், கடைக்காரர் அதுல பதிஞ்சு குடுப்பார். சாயங்காலம் மஞ்சு இறங்கறதுக்கு முன்னாடி அப்பா திண்ணையில உக்காந்து கெட்டிப்பார். மூங்கில் குப்பி ஒண்ணு அளவுக்கு வச்சிருந்தார், அதுல மருந்தை அளந்து குழலுக்குள்ள விடுவார். மேல தேங்காய் நாரு. கம்பியால குத்தக் குத்த முதல்ல பொத்துன்னு கேக்கும், அப்புறம் கம்பி மேல துள்ள ஆரம்பிக்கும். துள்ளினா கெட்டிச்சது சரின்னு அர்த்தம். கேப்பை மட்டும் அப்ப வைக்க மாட்டார், பரண் ஏறினப்புறம்தான். எங்களைப் பக்கத்துல விட மாட்டார். அடுப்பங்கரை இருக்குற பக்கமே மருந்து வரக் கூடாது, அது தனி மரப்பெட்டி, சாவி இடுப்புல.

அதுல ரவை போடறது எப்பவாவதுதான். பத்து வெடியில எட்டு வெடி வெறும் மருந்தும் நாரும், சத்தத்துக்கு. எங்க மலையில சத்தம் நல்லா எதிரொலிக்கும், பன்னிக் கூட்டம் எந்தப் பக்கம் ஆளு இருக்கான்னு தெரியாம ஓடும். காட்டுமாட்டைச் சுடணும்னு அப்பா நினைச்சதே இல்லை. ஆயிரம் கிலோ உருப்படி அது, இந்த ரவை அதுக்குக் கொசுக்கடி, திரும்பி வந்தா பரணையே சாய்ச்சுடும்பார். மஞ்சும் மழையும் இருக்குற ஊர்ல மருந்து நமுத்துப் போறது பெரிய தொல்லை. நாலு நாள் விடாமப் பெய்ஞ்சா கேப்பு மட்டும் படக்குன்னு அடிக்கும், உள்ள ஒண்ணும் நடக்காது. அந்தக் கேப்பு வந்ததுக்கும் காரணம் ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஃபோர்சைத், 1807ல. சக்கிமுக்கிக் கல் பொறியைப் பார்த்து வாத்து எல்லாம் பறந்து போகுதுன்னு கடுப்பாகி யோசிச்சவர். அதுவும் பொழுதுபோக்குல பிறந்ததுதான். எங்கப்பாவுக்கு வந்து சேர நூத்தைம்பது வருஷம் ஆச்சு.

1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுமாடு முதல் அட்டவணைக்குப் போச்சு. இதை நான் குறை சொல்ல மாட்டேன். துரைமாரும், அவங்களுக்கு அப்புறம் வந்த நம்ம ஊர்ப் பெரிய மனுஷங்களும் பெரிய ரைஃபிள் வச்சு அடிச்ச அடிக்கு, அந்தச் சட்டம் வரலைன்னா பழனி மலையில காட்டுமாடே இருந்திருக்காது. இன்னிக்குக் கொடைக்கானல் டவுனுக்குள்ள கடைத்தெருவுல நடக்குது. ஆனா கணக்கைப் பாருங்க. மிருகத்தை அழிச்சது 470 ரைஃபிள், அதுக்கான தண்டனை வந்து விழுந்தது மூங்கில் குப்பியில மருந்து அளந்தவன் தலையில. பயிரைத் தின்ற பன்னியைச் சுட 11வது பிரிவுல வன அதிகாரி அனுமதி குடுக்கலாம்னு எழுத்துல இருக்கு. எழுதிப் போட்டு அனுமதி வர்றதுக்குள்ள பன்னி அடுத்த பட்டத்தையும் தோண்டிட்டுப் போயிடும்.

அப்பா 2004ல காலமானார். லைசென்ஸ் அவரோட முடிஞ்சது. வாரிசா எனக்கு மாத்தணும்னு கேட்டேன். மூணு தடவை மலை இறங்கினேன். ஒரு ஆபீஸ்ல இன்னொரு ஆபீஸ் சான்று வேணும்னாங்க, அங்க போனா அதுக்கு முந்தின சான்று எங்கன்னாங்க. அதுக்குள்ள எலெக்‌ஷன் வந்தது. தேர்தல்னா லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், அது எல்லாருக்கும் பொது. ஒப்படைச்சேன். திரும்ப வாங்கலை. மருந்தும் கேப்பும் கிடைக்குற கடையும் குறைஞ்சு போச்சு, அதை வச்சு என்ன பண்றதுன்னு விட்டுட்டேன். 2013ல இந்த மலைக் காட்டுல பெரும்பகுதி கொடைக்கானல் வன உயிரின சரணாலயமாச்சு. சரணாலயத்தைச் சுத்தி 10 கிலோமீட்டருக்குள்ள புது லைசென்ஸ் குடுக்கணும்னா தலைமை வன உயிரினக் காப்பாளர் சம்மதிக்கணும். எங்க தாலுக்காவுல அந்த 10 கிலோமீட்டருக்கு வெளிய எத்தனை ஊர் தேறும்னு தெரியலை.

துப்பாக்கி போன இடத்துல என்ன வந்தது? அதைத்தான் யாரும் பேசறதில்லை. அவுட்டுக்காய் வந்தது. பன்னிக்கு வச்சதை யானை கடிச்சு வாய் கிழிஞ்சு, தின்ன முடியாம வாரக்கணக்குல அலைஞ்சு சாகுது. திருட்டுக் கரண்டு வேலி வந்தது, அதுல பன்னியும் சாகுது, யானையும் சாகுது, விடியக்காலையில தண்ணி பாய்ச்சப் போன மனுஷனும் சாகுறான். கண்ட பைப்பை வச்சுக் கள்ளத்தனமாச் செஞ்ச நாட்டுத் துப்பாக்கி வெடிச்சு விரல் போனவங்களும் உண்டு. லைசென்ஸ் துப்பாக்கிக்கு ஒரு பேர் இருந்தது, ஒரு நம்பர் இருந்தது, எத்தனை கேப்பு செலவாச்சுன்னு கணக்கு இருந்தது. தப்பு நடந்தா யார்கிட்ட கேக்கணும்னு தெரியும். கரண்டுக் கம்பிக்குப் பேர் ஏது?

இதுக்காக எல்லார் கையிலயும் துப்பாக்கி குடுங்கன்னு நான் சொல்லலை. குடிச்சுட்டு அருவாளைத் தூக்குறவன் கையில அது இருந்தா என்னாகும்னு எனக்கும் தெரியும். ஆனா பயிர்க் காவலுங்கிறது பொழுதுபோக்கு இல்லைன்னு அரசாங்கத்துக்கு ஞாபகம் இருக்கணும்.

கேரளாக்காரங்க 2022ல ஒரு வேலை செஞ்சாங்க. பன்னியைச் சுட அனுமதி குடுக்குற அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் கையில குடுத்தாங்க, லைசென்ஸ் இருக்குறவங்களை வச்சுச் சுடலாம்னு. இப்ப அங்க சுடறதுக்கு லைசென்ஸ் உள்ள ஆளைத் தேட வேண்டியிருக்கு. இங்க 2025 ஜனவரியில நம்ம அரசாங்கமும் ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பன்னியைச் சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடுவாங்க. மூணு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வந்தா வனத்துறை ஆளுங்களே சுடுவாங்க. ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சமவெளிக்காரருக்கு இது உதவும், சந்தோஷம்தான். என் தோட்டத்துல வேலி ஓரம் நின்னு கல்லை விட்டெறிஞ்சா காட்டுக்குள்ள விழும். மூணு கிலோமீட்டருக்கு நான் எங்க போக?

தங்கச்சி மகன் இதெல்லாம் கேட்டுட்டு, அப்ப இப்ப ராத்திரி என்ன பண்றீங்க மாமான்னான். கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். வாழைக்குச் சுத்தி உங்க அத்தையோட பழைய சேலை பதினாறு கட்டியிருக்கு, பரண்ல பழைய ரேடியோ ஒண்ணு விடிய விடியப் பாடும். முதல் ஒரு மாசம் பன்னி வரலை. இப்ப பாட்டுக் கேட்டுக்கிட்டே தோண்டுது. வாரம் ஒரு தடவை ஸ்டேஷனை மாத்தி வைக்கிறேன்.